பழந்துணிக்கும் சாதி உண்டு



ஆடை வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புதுப் பாடம் வந்திருக்கிறது. ‘சுழற்சி வடிவமைப்பு’ என்று பெயர். துணியைச் செய், உடுத்து, எறி என்று ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் பூமி தாங்காது. எறிந்ததை மறுபடி நூலாக்கு, கிழிந்ததைத் தைத்துப் போடு, பழசைப் புதுசாக்கு, சாயத்தைச் செடியிலிருந்து எடு. பாடத்தின் சாரம் இவ்வளவுதான். சென்னை தரமணியில் 1995இல் தொடங்கிய ‘நிஃப்ட்’ போன்ற பெரிய நிறுவனங்களில் இருந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் மூன்று நாள் முகாம் போடுகிறவர்கள் வரை எல்லோரும் இதைப் பேசுகிறார்கள்.

பாடம் பொய்யில்லை. ஆனால் கரும்பலகையில் வட்டம் போடுகிறவர்கள் பஞ்சு, நூல், துணி, கடை, குப்பை, மறுபடி நூல் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போகிறார்கள். அந்த அம்புக்குறிகளை யார் கை நகர்த்துகிறது, வட்டத்தின் எந்த இடத்தில் எந்தச் சாதி நிற்கிறது என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தப் புதுப் பாடம் ஊர்-சேரி என்கிற பழைய பாடத்தையே மறுபடி நடத்தும். நான் சொல்ல வந்தது இதுதான்.

நான் செங்கல்பட்டு வட்டாரத்தில் பெண்கள் குழுக்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். கத்திரியும் டேப்பும் பிடிக்கிற கையால் எழுதுகிறேன். ஆகவே முதலில் தொழில் பேசிவிட்டு அப்புறம் அரசியல் பேசலாம்.

ஒரு சட்டை வெட்டினால் கழுத்து வளைவு, கைக்குழி வளைவு என்று துண்டு துண்டாகத் துணி கழிந்து விழும். ஆலைகளில் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு இப்படிப் போகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். பேப்பரில் மாதிரி போடும்போதே துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் போட்டால் கழிவைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்யலாம். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்த துணியைப் பிரித்து மறுபடி நூலாக்குவது கஷ்டம்; ஒரே நாரில் நெய்தால் சுலபம். பித்தளைப் பொத்தானையும் ஜிப்பையும் கண்ட இடத்தில் வைத்தால் பிரிக்கிறவள் விரல் கிழியும். ஆக, துணி குப்பையாவதா வேண்டாமா என்பதில் பெரும்பகுதி, அது துணியாவதற்கு முன்னாடியே வடிவமைக்கிறவர் மேசையில் முடிவாகிவிடுகிறது. இந்த அளவில் அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நிலைமையும் சாதாரணமாக இல்லை. உலகத்தில் உடைக்காகச் செலவாகிற நார்ப்பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மறுபடி உடையாவதில்லை என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. இந்தியாவில் மட்டும் வருசத்துக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்கிறது என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்துப்போட்ட துணி கப்பலேறி குஜராத்தின் காண்ட்லாவில் இறங்குகிறது. அரியானாவின் பானிப்பட்டில் அதைக் கிழித்துக் கம்பளமாக்குகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டை அந்தப் பக்கத்து ஓப்பன் எண்ட் மில்கள் திரும்ப நூலாக்குகின்றன. சுழற்சி என்பது ஏதோ வெளிநாட்டிலிருந்து இன்றைக்கு வந்திறங்கியதல்ல. அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. தரம் பிரிக்கிறவள், கிழிக்கிறவள், பஞ்சுத் தூசியை மூச்சில் இழுக்கிறவள் யார் என்பதைத்தான் படத்தில் காட்டுவதில்லை.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். துணி சுற்றிவருவதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனு தர்மமே எழுதிவைத்திருக்கிறது: சூத்திர வேலைக்காரனுக்குக் கந்தல் துணியும் மிச்சச் சோறும் கொடு, சண்டாளனுக்குப் பிணத்தின் துணிதான் உடை. ஊர் கட்டிக் கழித்தது சேரிக்கு வரும். பிணத்தின்மேல் போர்த்தியது சுடுகாட்டுத் தொழிலாளிக்குப் போகும். இந்த வட்டத்தில் துணி எப்போதும் மேலேயிருந்து கீழேதான் இறங்கியது. கீழேயிருந்து மேலே ஏறியதாக ஒரு கதையும் கிடையாது.

அந்த வட்டத்தின் கடைசிப் புள்ளியில் நின்றவர்கள் புதிரை வண்ணார்கள். தலித் மக்களின் துணியை, தீட்டுத் துணியை, பிணத் துணியை வெளுத்தவர்கள். உவர்மண்ணைக் கரைத்துத் துணியை ஊறவைத்து, பானை அடுக்கி, அடியில் தண்ணீர் கொதிக்க, ராத்திரி முழுக்க வெள்ளாவியில் வேகவைத்து, விடிந்ததும் துறையில் அடித்து அலசுவார்கள். சோப்பு, ரசாயனம் எதுவும் கிடையாது. இன்றைக்கு ‘துணியின் ஆயுளை நீட்டுவது’ என்று வகுப்பெடுக்கிறார்களே, அந்த அறிவு முழுக்க இந்த மக்களிடம் இருந்தது. கூலி என்ன? வீட்டுக்கு வீடு போய் எடுத்த சோறு. அதைக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு என்பதை நம் பத்திரிகையில் நாம்தான் எழுத வேண்டும். அவர்களுக்கென்று ஒரு நல வாரியம் அமைய 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உடையே இங்கு சாதிச் சட்டமாக இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, பொன் வெள்ளி நகை கூடாது என்று பட்டியல் போனது. ஹட்டன் தன் புத்தகத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார். வேட்டியும் புடவையும் ஒரு துண்டுகூடக் கழியாத உடைகள், தறியிலிருந்து நேராக உடம்புக்கு வருகிறவை என்று இன்று வகுப்பில் மெச்சுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேட்டி யார் காலில் எதுவரை இறங்கலாம் என்று அளந்து வைத்திருந்ததே சாதி, அதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

அம்பேத்கர் இதைத் தெளிவாகப் புரிந்திருந்தார். 1927இல் மகாடில் கூடிய பெண்களிடம், சாதி அடையாளம் காட்டுகிற விதத்தில் புடவை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். 1942இல் நாகபுரி பெண்கள் மாநாட்டிலும் சுத்தத்தையும் சுயமரியாதையையும் பேசினார். அவர் போட்டிருந்த கோட்டும் டையும் வெறும் மோஸ்தர் அல்ல. ஊர் கழித்ததை வாங்கிக் கட்ட மாட்டேன் என்கிற அறிக்கை அது.

எங்க ஆயா சொல்லும்: “புதுத்துணின்னா இன்னா வாசனைன்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்குத்தாம்பா தெரியும்.” அந்தத் தலைமுறைக்குப் புதுத்துணி ஆடம்பரமல்ல, விடுதலை. தீபாவளிக்கு வட்டிக்கு வாங்கியாவது பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுத்துப் போட்ட சேரித் தாயைப் பார்த்து ‘நுகர்வு வெறி’ என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது. “குறைவாக வாங்கு” என்கிற உபதேசம் பீரோவில் நூறு உருப்படி தொங்க விட்டிருக்கிறவர்களுக்கானது. அதை எல்லோர் தலையிலும் ஒன்றாகச் சுமத்துகிறபோதுதான் சுற்றுச்சூழல் பேச்சு சாதிப் பேச்சாக மாறுகிறது.

பழந்துணியைப் பற்றி இந்தக் கடற்கரை ஒருமுறை பேசியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் பக்கம் நாடெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. எல்லாம் இழந்து நின்ற மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. ‘நாங்க பிச்சைக்காரங்க இல்ல’ என்றார்கள். சாலையோரமெல்லாம் துணி மலை மலையாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கியது. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அதே நேரத்தில் அந்தக் கரையில் பிணம் எடுக்கவும் குப்பை அள்ளவும் வெளியூர்களிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுக்கு மறுக்கிற உரிமை இருந்ததா? நிவாரணத்திலும் முகாம்களிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதைப் பல மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன.

அதே சுனாமிக்குப் பிறகுதான் ஆரோவில்லில் உபாசனா என்கிற வடிவமைப்பு நிலையம் ஆலைகளில் கழிந்த துண்டுத் துணியில் ‘சுனாமிகா’ என்று சின்னப் பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. துக்கத்தில் இருந்தவர்களின் கைக்கு ஒரு வேலையும், கூடவே வருமானமும் கிடைத்தது. கழிவுத்துணி என்பது ஒன்றுதான். ஒருவர் தலையில் கொட்டினால் அவமானம். அதைக்கொண்டு செய்கிற தொழிலை அவர் கையில் கொடுத்தால் வேறு அர்த்தம். வடிவமைப்பு மாணவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய வித்தியாசம் இது.

மாமல்லபுரத்துக்கு வருகிறேன். 2019 அக்டோபர் 11இல் சீன அதிபரை வரவேற்கப் பிரதமர் அங்கு வேட்டி கட்டி வந்தார். மறுநாள் காலையில் கடற்கரையில் அரைமணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்கினார். பொறுக்கியதை ஓட்டல் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார். உலகமெங்கும் படம் வந்தது. 2023 பிப்ரவரியில் அவரே பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நெய்த துணியில் தைத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நாடாளுமன்றம் போனார். அந்தத் துணி நம் கரூரில் உருவானது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் ஊழியர் சீருடையையும் இப்படித் தைக்கப்போவதாகவும், ஒரு சீருடைக்குச் சுமார் 28 பாட்டில் ஆகும் என்றும் செய்தி வந்தது.

கரூர்க்காரர்களின் தொழில்நுட்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கேட்பது ஒன்றுதான். அந்த 28 பாட்டிலைப் பொறுக்கியவர் யார்? கோட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவே எத்தனை கோணிப்பை, எத்தனை பழைய இரும்புக்கடை, எத்தனை கிழிந்த கை? குப்பை பொறுக்குகிறவர்களை அங்கீகரித்து அடையாள அட்டை கொடுங்கள், கழிவு மேலாண்மையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேட்டு ஓரம் வாழ்ந்தவர்களைப் போய்க் கேளுங்கள், அந்த விதி எத்தனை பேர் வாசற்படி ஏறியது என்று. அரைமணி நேரம் பொறுக்கினால் செய்தி. ஆயுள் முழுக்கப் பொறுக்கினால் சாதி.

மும்பை லாக்மே ஃபேஷன் வீக்கில் ‘சர்க்குலர் டிசைன் சேலஞ்ச்’ என்று ஒரு போட்டி நடக்கிறது. 2019இல் பழைய புடவைகளை மறுபடி தைத்து விற்கிற ஓர் அமைப்பு அதில் பரிசு வாங்கியது. போட்டியை முன்னின்று நடத்துவதில் ரிலையன்ஸின் துணிப் பிரிவும் உண்டு. கச்சா எண்ணெயிலிருந்து பாலியஸ்டர் செய்வதில் உலகப் பெரும்புள்ளியாக இருக்கிற கம்பெனி, பழைய புடவைக்குப் பரிசு கொடுக்கிறது. தறியின் வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டுக் குப்பைத்தொட்டியின் ஓரத்தில் நின்று ஞானம் பேசுவதும் ஒரு வடிவமைப்புத்தான்.

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கொஞ்ச காலத்துக்கு முன்னாடி கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் வடிவமைப்பு மாணவர்களுக்கு முகாம் நடந்தது. நகரத்து அமைப்பு ஒன்று நடத்தியது. எங்கள் குழுவிலிருந்து பன்னிரண்டு பெண்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். வீட்டில் இருக்கிற பழைய புடவையும் கொண்டுவரச் சொன்னார்கள். அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து, முறுக்கி, பின்னி, பை செய்வது பயிற்சி. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், ஆசையோடு செய்தார்கள். எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருத்தி என் காதோரம் சொன்னாள்: “காலம்பூரா அவுங்கோ பழச நாங்கோ கட்னோம். இப்போ எங்க பழசும் வோணுமாமா?” நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்தப் பைகளுக்கு ஆர்டர் வந்தது. ஒரு பை தைக்க எங்கள் பெண்களுக்கு எழுபது ரூபாய். துணிக்குக் காசு கிடையாது, ‘கழிவு’தானே! நகரத்துக் கடையில் அந்தப் பையின் சீட்டில் விலை 1,450. சீட்டின் பின்னால் ‘கிராமத்துப் பெண்களின் கைவண்ணம்’ என்று அச்சடித்திருந்தது. ஒருத்தி பெயரும் இல்லை. வடிவமைத்தவர் என்று முகாமில் இருந்த மாணவர் ஒருவரின் பெயர் இருந்தது. பட்டையை எந்தப் பக்கம் முறுக்கினால் பின்னல் பிரியாது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் பெண். அறிவு அவளுடையது, கையெழுத்து மட்டும் அவருடையது. கேட்டதற்கு, “அவர்கள் கைவினைஞர்கள், இவர் டிசைனர்” என்று பதில் வந்தது. தொழில்களைப் பிரிக்கவில்லை, தொழில் செய்கிறவர்களைப் பிரித்துவைத்திருக்கிறது சாதி என்று அம்பேத்கர் காட்டியதற்கு இதைவிட நேரான விளக்கம் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் தோழர்களில் சிலர், “சுற்றுச்சூழல், இயற்கை என்பதெல்லாம் மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு?” என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. சாயத்தண்ணீர் யார் கிணற்றில் இறங்கியது? திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாக மாறியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு கெட்டபோது குடிதண்ணீர் போனதும் கூலிக்காரனுக்கு, பட்டறையை மூடியபோது வேலை போனதும் கூலிக்காரனுக்கு. ரசாயனத் தொட்டியில் கைவிடுகிறவன் யார், குப்பைமேட்டை யார் குடிசை ஓரம் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று பார்த்தால் சுற்றுச்சூழல் முதலில் நம் பிரச்சினை என்பது விளங்கும். அதை மற்றவர் கையில் விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்குவது விடுதலை அரசியல் ஆகாது.

இன்னொரு பக்கம், “பழைய காலத்தில் எல்லாம் இயற்கையாக இருந்தது, அதற்கே திரும்புவோம்” என்று உருகுகிறவர்கள். இவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரன் சொன்ன சத்ராஸ், மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர் போன துறைமுகம். இந்தச் சோழமண்டலக் கரையின் சிவப்புச் சாயம் சாயவேரில் இருந்து வந்தது. அந்த வேரைக் குனிந்து தோண்டியது யார்? டச்சுக்காரர் ஆண்ட யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் அதைத் தோண்டுவது குறிப்பிட்ட அடித்தட்டுச் சாதிகளின் கட்டாய ஊழியமாகவே இருந்தது. நீலச் சாயத்துக்கு அவுரிச் செடியைத் தொட்டியில் ஊறப்போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் வரிசையாக இறங்கி அடித்துக் கலக்க வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்றும் இந்தத் தொழில் இருக்கிறது. ‘இயற்கைச் சாயம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் தொட்டியில் நிற்கிறவனின் கூலியும் தோலும் சரியாகிவிடுமா? செடி நல்லதாக இருக்கலாம். செடி யார் நிலத்தில் வளர்கிறது என்பதுதான் கேள்வி.

நிலம் என்றதும் செங்கல்பட்டுக்காரனுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. இந்த மாவட்டத்துக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் பறிபோனதை எதிர்த்துக் காரணை மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று போலீசு துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். இயற்கைப் பருத்தி, இயற்கைச் சாயம் என்று பேசுகிற பயிற்சி நிலையங்கள் நிலத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. பஞ்சமி நிலம் மீட்கப்பட்டு, நம் பெண்கள் கூட்டாக அவுரி போட்டு, அவர்களே தொட்டி வைத்து, அவர்களே விலை சொன்னால் அது இயற்கைச் சாயம். அதுவரை அது கூலிச் சாயம்.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்பவர்களுக்கு, மாமல்லபுரம் போகிற வழியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இருளர்கள் ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோலை விற்றார்கள். அந்தத் தோல் எங்கே போனது? வெளிநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பை, இடுப்பு வார், செருப்பு என்று ஃபேஷன் சந்தைக்கு. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, அப்புறம் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு நல்லது. இருளருக்குப் பட்டினி. ஃபேஷன் கம்பெனிகள் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. உறுப்பினர்கள் எல்லாம் இருளர்களே. இந்த மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இது குறையில்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. அனுமதி தாமதமானால் அடுப்பு எரியாது. ஆனாலும் இதில் அடங்கியிருக்கிற பாடத்தைப் பாருங்கள். பூமிக்குக் கேடில்லாத தொழில். அறிவு அந்த மக்களுடையது. சங்கமும் அந்த மக்களுடையது. யாரும் அவர்களைப் ‘பயனாளி’ என்று நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. வடிவமைப்பு மாணவர்களை இந்தக் கடற்கரைக்கு அழைத்து வருகிறவர்கள் பல்லவன் சிற்பத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல் இந்தச் சங்கத்தையும் காட்டலாம்.

தொழிற்சங்கப் பக்கமும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 சனவரியில் திண்டுக்கல் பகுதி ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டாள். மேற்பார்வையாளர் கைதானார். அந்த ஆலையின் துணியை வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்தால் பசுமை, நிலைத்த வளர்ச்சி என்று அச்சடித்திருப்பார்கள். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் கம்பெனியும் அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. பாலியல் தொல்லையையும் சாதி இழிவையும் தொழிலாளர்களே கவனித்துத் தடுக்கிற ஏற்பாடு அதில் உண்டு. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகத் தொழிற்சங்கங்கள் அதை எடுத்துப் பேசுகின்றன. நம் வடிவமைப்புக் கல்லூரிகளில் எத்தனை வகுப்பில் அது பாடமாக இருக்கிறது? இந்த மாவட்டத்திலேயே தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்குத் தினமும் ரயிலேறித் தையல் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வடிவமைப்பாளர் கழுத்தில் ஒரு மடிப்பு கூடப் போட்டால் அவர்கள் கை எத்தனை தரம் கூட ஓட வேண்டும் என்று எந்த ஆசிரியர் சொல்லித்தருகிறார்?

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, சுழற்சி வடிவமைப்பு என்று பாடம் வைக்கிற எந்த நிறுவனமும் அதில் உழைப்பின் வரலாற்றையும் சாதியின் வரலாற்றையும் பாடமாக வைக்க வேண்டும். வெள்ளாவியைப் பற்றிச் சொல்லும்போது புதிரை வண்ணாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களையே அழைத்து, ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுத்துச் சொல்லவைக்க வேண்டும்.

இரண்டு, நம் பிள்ளைகள் ‘கைவினைஞர்’ என்கிற வரிசையில் மட்டும் நிற்கக் கூடாது. பழந்துணியைத் தொட்ட விரலிலேயே இது பருத்தியா கலப்பா என்று சொல்கிற பெண்ணின் மகள், பென்சில் பிடித்து வடிவம் போடுகிற இடத்துக்கு வர வேண்டும். இட ஒதுக்கீடு இருந்தால் போதாது. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்ய, லேப்டாப் வாங்க, விடுதிக் கட்டணம் கட்ட, ஆங்கிலத்தில் தடுமாறுகிறபோது கைகொடுக்க ஏற்பாடு வேண்டும். பூஞ்சேரிக்கு 2021 தீபாவளியன்று முதலமைச்சரே வந்து நரிக்குறவர், இருளர் மக்களுக்குப் பட்டா கொடுத்தார். மணி கோக்கிற அந்தக் கைகளுக்கு வடிவமைப்புக் கல்லூரியின் கதவு எப்போது திறக்கும்?

மூன்று, கழிவுத்துணியில் செய்த பொருளின் சீட்டில் எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம் என்று போடுகிறவர்கள், தைத்தவளுக்கு எவ்வளவு கூலி என்றும் போடட்டும். அவள் சம்மதித்தால் பெயரும் போடட்டும். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. நல்ல காரியம். அந்தப் பைகளைத் தைக்கிற பெண்களின் கூலியையும் அரசே முன்மாதிரியாக வெளியிடலாமே!

நான்கு, புதுத்துணி உடுத்துகிற உரிமையில் கைவைக்காதீர்கள். குறைக்க வேண்டியவர்கள் முதலில் குறைக்கட்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரியில் அடுத்த தரம் கரும்பலகையில் அந்த வட்டத்தைப் போடுகிறபோது எழுந்து நின்று கேளுங்கள்: “சார், இந்த அம்புக்குறியில் நிற்கிறது யாரு? அவுங்களுக்கு எவ்ளோ கூலி? அவுங்க வீட்டுப் பிள்ளை இந்த வகுப்புல எத்தன பேர்?” பதில் வராவிட்டால் அந்த விவரத்தைத் தேடி எடுப்பதையே உங்கள் செய்முறைப் பாடமாக வையுங்கள். பழைய இரும்புக்கடைக்குப் போங்கள், சாயத் தொட்டிக்குப் போங்கள், வண்ணார் துறைக்குப் போங்கள். கண்டதை எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். கூலிக் கணக்கோடு அனுப்புங்கள்.